பயணக் கட்டுரையோடு ஊரின் உயரத்தையும் அச்சிடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு இணைப்பில், பொலிவியா நாட்டின் லா பாஸ் நகரத்தைப் பற்றியும் அதன் பக்கத்தில் இருக்கும் 'மரணச் சாலை'யில் சைக்கிள் ஓட்டுவதைப் பற்றியும் வந்த பயணக் கட்டுரையைப் படித்தேன். படங்கள் கண்ணைப் பறித்தன. பள்ளத்தாக்கின் ஆழத்தைப் பற்றியும், சக்கரம் ஒரு முழம் விலகினால் என்ன ஆகும் என்பதைப் பற்றியும் கட்டுரையாளர் விரிவாகவே எழுதியிருந்தார். கடைசியில் விமானக் கட்டணம், விடுதி வாடகை, சைக்கிள் பயணத்துக்கு வாங்கும் தொகை எல்லாவற்றையும் பெட்டிச் செய்தியாகக் கொடுத்திருந்தீர்கள். ஆனால் அந்த ஊர் கடல் மட்டத்திலிருந்து எத்தனை மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்பது அந்தப் பெட்டியில் இல்லை. கட்டுரையிலும் 'மிக உயரமான நகரம்' என்று ஒரே ஒரு இடத்தில் வருகிறது, அதோடு சரி. அங்கே போய்வந்தவன் என்ற முறையில் சொல்கிறேன், முதலில் அச்சாகியிருக்க வேண்டியது அந்த எண்தான்.

நான் பெங்களூரு அல்சூரில் சைக்கிள் கடை வைத்திருக்கிறேன். அப்பா காலத்துக் கடை. அன்றைக்கு வாடகை சைக்கிளும் பஞ்சரும்தான் வியாபாரம். இன்றைக்குக் கடைக்கு வருவதில் பாதிக்கு மேல் கியர் வண்டிகள். சனி, ஞாயிறு விடியற்காலையில் நந்தி மலைக்குப் போகும் ஐ.டி. பிள்ளைகள் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "அண்ணா, பிரேக் மட்டும் பார்த்துக் குடுத்துடுங்க" என்பார்கள். உங்கள் கட்டுரை வந்த வாரம் அவர்களில் சிலர் அந்தப் பக்கத்தைக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு வந்து, "நீங்க போயிட்டு வந்த இடம்தானே அண்ணா? நாங்களும் போறோம்" என்றார்கள். எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர்கள் போட்டிருந்த திட்டத்தைக் கேட்டதும் திக்கென்றது. காலையில் லா பாஸில் விமானம் இறங்குகிறது, மறுநாள் விடியற்காலை சைக்கிள், அன்று இரவே மறுபடி லா பாஸ், அதற்கு அடுத்த நாள் வேறு ஊர். திட்டத்தில் உடம்புக்கு என்று ஒரு நாள்கூட ஒதுக்கவில்லை. உங்கள் கட்டுரையிலும் அப்படி எதுவும் சொல்லப்படவில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

உயரக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன். நம் பெங்களூரு 900 மீட்டர் சொச்சம். பையன்கள் மூச்சிரைக்க ஏறும் நந்தி மலை 1,478 மீட்டர். தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரமான தொட்டபெட்டா 2,637 மீட்டர். லா பாஸ் நகரத்தின் நடுப்பகுதி அதைவிட ஆயிரம் மீட்டர் உயரத்தில், சுமார் 3,640 மீட்டரில் இருக்கிறது. விமானம் இறங்குவது நகரத்துக்குள் இல்லை, மேலே எல் ஆல்ட்டோ என்ற இரட்டை நகரத்தில். அந்த விமான நிலையம் 4,061 மீட்டர். சைக்கிள் பயணம் தொடங்கும் லா கும்ப்ரே கணவாய் சுமார் 4,650 மீட்டர். பெங்களூருவில் விமானம் ஏறுகிறவர் இறங்கியதும் முதல் மூச்சை இழுப்பது அந்த 4,061 மீட்டரில்.

அங்கேயும் காற்றில் ஆக்சிஜன் நூற்றுக்கு 21 பங்குதான், அது மாறுவதில்லை. காற்றின் அழுத்தம்தான் குறைந்துவிடுகிறது. லா பாஸில் அது கடற்கரை ஊரில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குப் பக்கம். அதனால் ஒவ்வொரு மூச்சுக்கும் உள்ளே போகும் ஆக்சிஜன் குறைவு. இதை எனக்குப் புரியவைத்தது மருத்துவர் இல்லை, சமையலறை. அங்கே சோபோகாச்சி என்ற பகுதியில் சமையலறையோடு ஒரு வீட்டை எடுத்துத் தங்கியிருந்தோம். என் மனைவி வழக்கம்போலப் பாத்திரத்தில் உலை வைத்து அரிசியைப் போட்டாள். தண்ணீர் தளதளவென்று கொதிக்கிறது, ஆவி பறக்கிறது, ஆனால் சாதம் விதை விதையாகவே நிற்கிறது. பருப்பு இன்னும் மோசம், எவ்வளவு நேரம் வைத்தும் மசியவில்லை. அந்த உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 88 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்கு மேல் சூடு ஏறாது. வீட்டுக்காரம்மா சிரித்துக்கொண்டே தன் குக்கரை எடுத்துவந்து கொடுத்தார். அடுப்பிலேயே இவ்வளவு வித்தியாசம் தெரிகிறது என்றால் நுரையீரலுக்குத் தெரியாமல் இருக்குமா?

நாங்கள் நேராக லா பாஸ் போகவில்லை. மகள் சிலி நாட்டுச் சாண்டியாகோவில் வேலை பார்க்கிறாள். அவளைப் பார்க்கப் போன இடத்திலிருந்துதான் பொலிவியாவுக்குக் கிளம்பினோம். "நேரா மேல போக வேண்டாம்ப்பா, நடுவுல தங்கிட்டுப் போகலாம்" என்று அவள்தான் கொச்சபம்பா வழியாக ஏற்பாடு செய்தாள். கொச்சபம்பா சுமார் 2,550 மீட்டர், ஊட்டியைவிடக் கொஞ்சம் உயரம். அங்கே சில நாள் தங்கி, காலாற நடந்து, தூக்கம் சரியான பிறகு பேருந்தில் லா பாஸ் போனோம். அப்படியும் முதல் இரண்டு இரவு தலைவலி இருந்தது. நடுராத்திரியில் மூச்சு நின்று நின்று வருவதைப் போல இருந்து விழித்துக்கொண்டேன். அது அந்த உயரத்தில் பலருக்கும் வருவதுதான், பயப்பட வேண்டியதில்லை என்று மகள் சொன்னாள். லா பாஸில் இன்னும் சில நாள் மெதுவாக நடந்து பழகிய பிறகுதான் சைக்கிளைத் தொட்டோம்.

பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் போனால் மலை நோய் வரலாம். 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவில் தூங்கும் இடத்தை ஒரு நாளைக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தாமல் இருப்பதும், ஒவ்வொரு ஆயிரம் மீட்டருக்கும் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவதும் நல்லது என்பது மலை மருத்துவம் தெரிந்தவர்கள் சொல்லும் கணக்கு. தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை இவை ஆரம்ப அறிகுறிகள். அதோடு மேலே ஏறாமல் நின்றுகொண்டால் பெரும்பாலும் தானாகவே சரியாகிவிடும். சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, நுரையோடு இருமல், நேர்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடுவது, பேச்சு குழறுவது, இவற்றில் ஒன்று வந்தாலும் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே கீழே இறக்க வேண்டும். கீழே இறங்குவதுதான் முதல் மருந்து. அசிட்டசோலமைடு என்று ஒரு மாத்திரை இருக்கிறது, உடம்பு உயரத்துக்குப் பழக உதவும். சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு அது ஆகாமல் போகலாம், அதனால் மருத்துவரைக் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

வயது குறைவு, உடம்பு கட்டு, தினமும் ஐம்பது கிலோமீட்டர் மிதிக்கிறோம் என்பதெல்லாம் இதில் செல்லாது. நந்தி ஏறிய கால் வலுவாக இருக்கும், அது நல்லதுதான், ஆனால் உயரத்துக்குப் பழகியதாக ஆகாது. லா கும்ப்ரேயில் இதைக் கண்ணெதிரே பார்த்தேன். எங்கள் வேனில் ரியோவிலிருந்து வந்த ஓர் இளைஞர் இருந்தார். நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த போட்டிகளில் கலந்துகொள்பவர், பார்த்தாலே தெரியும். முந்தின நாள்தான் கடலோரத்திலிருந்து வந்திருக்கிறார். கணவாயில் வேனை விட்டு இறங்கி ஹெல்மெட்டை மாட்டும்போது வாரை அவரால் கொக்கியில் பொருத்த முடியவில்லை. விரல்கள் கொக்கியைத் தேடித் தேடி நழுவின. முகம் வெளுத்துவிட்டது. கொஞ்ச நேரத்தில் வாந்தி. வழிகாட்டி ஒரு வார்த்தைகூட விவாதிக்கவில்லை, அவரை வேனில் உட்காரவைத்து, சைக்கிளை மேலே கட்டி, எங்களுக்கு முன்னால் கீழே அனுப்பிவிட்டார். பிறகு காட்டுப் பகுதிக்கு இறங்கியபோது அந்தப் பையன் வேன் கதவில் சாய்ந்து ஆரஞ்சு தின்றுகொண்டிருந்தார். அந்த வழிகாட்டிக்கு நான் மனதாரக் கையெடுத்துக் கும்பிட்டேன். அந்த நிலைமையில் அவர் சைக்கிளில் ஏறியிருந்தால் முதல் வளைவில் என்ன நடந்திருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது.

கால்பந்து பார்க்கிறவர்களுக்கு இது புதிதாக இருக்காது. 2009-இல் மெஸ்ஸி ஆடிய அர்ஜென்டினா அணி லா பாஸில் 6-1 என்று பொலிவியாவிடம் தோற்றது. 2007-இல் ஃபிஃபா 2,500 மீட்டருக்கு மேல் சர்வதேசப் போட்டிகளே கூடாது என்று தடை போட்டு, பொலிவியா மக்கள் கொதித்தெழுந்த பிறகு அடுத்த ஆண்டு கைவிட்டது. அந்த மக்கள் பக்கம்தான் நியாயம் என்பது என் எண்ணம். அவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே வாழ்கிறவர்கள், தங்கள் ஊரில் விளையாடக் கூடாது என்றால் எப்படி? பாவாடையும் பின்னலுமாக அய்மாரா இனப் பெண்கள் முதுகில் மூட்டையைக் கட்டிக்கொண்டு செங்குத்தான படிகளில் பேசிக்கொண்டே ஏறுவார்கள். அப்படிப்பட்ட பெண்கள் சிலர், மலையேறும் குழுக்களுக்குச் சமையல் செய்தும் சுமை தூக்கியும் வந்தவர்கள், 2019-இல் அதே பாவாடையோடு அமெரிக்கக் கண்டங்களின் மிக உயரமான சிகரமான அகொன்காகுவாவில் ஏறினார்கள். நாம் கீழேயிருந்து போகிறவர்கள், மெதுவாகத்தான் நடக்க வேண்டும்.

நகரத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. கிண்ணத்துக்குள் இருப்பது போன்ற ஊர். உலகத்தில் பல ஊர்களில் பணக்காரர்கள் மேட்டில் இருப்பார்கள், அங்கே பள்ளத்தில். தெற்குப் பகுதி கீழே இருப்பதால் குளிர் குறைவு, மூச்சும் லேசு. மேலே எல் ஆல்ட்டோவில் உழைக்கிற ஜனங்கள். 2014-இல் இந்த இரண்டையும் கேபிள் கார் போட்டு இணைத்தார்கள். இன்று பத்து தடங்கள் ஓடுகின்றன. சுற்றுலாக்காரர்களுக்காகப் போட்டதில்லை, பள்ளிப் பிள்ளைகளும் காய்கறிக் கூடைக்காரர்களும் ஏறி இறங்கும் நகரப் போக்குவரத்து. பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பு நெரிசலில் தினமும் நிற்கிறவன் அதைப் பார்த்தால் ஏக்கம் வரத்தான் செய்யும். புதிதாகப் போகிறவர்கள் முதல் இரண்டு இரவு தெற்குப் பகுதியில் தங்கினால் சில நூறு மீட்டர் குறையும், அதுவும் உதவும். சக்கால்தாயா மலைக்கு முதல் நாளே கூட்டிப்போகிறோம் என்று யாராவது சொன்னால் ஒப்புக்கொள்ள வேண்டாம். அது 5,300 மீட்டருக்கும் மேல். ஒரு காலத்தில் பனிச்சறுக்கு நடந்த அந்த மலையின் பனியாறு 2009-இல் முழுக்க உருகிப் போய்விட்டது.

கொக்கெய்ன் எடுக்கும் செடியான கோக்காவின் இலையில் போட்ட தேநீர் எங்கே போனாலும் கொடுப்பார்கள். அந்த ஊரில் அது சட்டப்படி சரி, அவர்களுக்கு மரியாதைக்குரிய பொருளும்கூட. நானும் குடித்தேன். ஆனால் ஓர் இலையைக்கூடப் பையில் போட்டுக்கொண்டு இந்தியாவுக்கு வரக் கூடாது. 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தில் கோக்கா இலை தடை செய்யப்பட்டது, தேநீர்ப் பொட்டலமும் அதில் அடங்கும்.

சரி, சாலைக்கு வருகிறேன். லா பாஸையும் யுங்காஸ் காட்டுப் பகுதியில் இருக்கும் கொரோய்க்கோவையும் இணைக்கும் அந்தப் பழைய சாலை, 1932 முதல் 1935 வரை பராகுவேயோடு நடந்த சாக்கோ போரில் பிடிபட்ட கைதிகளை வைத்து வெட்டியது. பாறையைக் குடைந்த சாலை, பல இடங்களில் ஒரு லாரி போகும் அகலம்தான். யுங்காஸ் ஜனங்கள் தங்கள் காபி, வாழை, ஆரஞ்சு எல்லாவற்றையும் பல பத்தாண்டுகள் இதில்தான் ஏற்றிக்கொண்டு வந்தார்கள். 1983 ஜூலையில் ஒரு பேருந்து கவிழ்ந்து நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். 1995-இல் அமெரிக்க நாடுகளுக்கான வளர்ச்சி வங்கி உலகிலேயே ஆபத்தான சாலை என்று இதைக் குறிப்பிட்டது. 2006 வாக்கில் மாற்றுச் சாலை திறந்த பிறகு வண்டிகள் பெரும்பாலும் அதில் போக ஆரம்பித்தன. பழைய சாலை அங்கே குடியிருப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் என்றாகிவிட்டது. வழி நெடுக ஓரத்தில் சிலுவைகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் துக்கம். அதன் பக்கத்தில் சைக்கிளைத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொள்கிறவர்களைப் பார்த்தேன். உங்கள் கட்டுரையின் முகப்புப் படமும் அப்படித்தான் இருந்தது. அது வேண்டாமே என்று கேட்டுக்கொள்கிறேன்.

அந்தச் சாலையில் ஒரு விதி உண்டு, எனக்கு மிகவும் பிடித்த விதி. பொலிவியா முழுக்க வண்டிகள் வலப்பக்கம் போகும், இந்தச் சாலையில் மட்டும் இடப்பக்கம். இறங்குகிற வண்டி பள்ளத்துப் பக்கம், ஏறுகிற வண்டி பாறைப் பக்கம். அங்கே ஓட்டுநர் உட்கார்வது இடப்புறம் என்பதால் ஜன்னலில் எட்டிப் பார்த்தால் தன் வெளிச்சக்கரம் விளிம்பிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். எதிரே வண்டி வந்தால் இறங்குகிறவர்தான் நின்று ஒதுங்கிப் பின்னால் போக வேண்டும், ஏறுகிறவருக்கு முதல் உரிமை. சுமையோடு ஏறும் வண்டி நடு ஏற்றத்தில் நின்றால் மறுபடி கிளம்புவது எவ்வளவு கஷ்டம் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். ஏறுகிறவருக்கு வழிவிட வேண்டும் என்பது நம் நாட்டுச் சாலை விதிகளிலும் இருக்கிறது. நந்தி மலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் அதை யாராவது மதித்துப் பார்த்திருக்கிறீர்களா?

இனி என் தொழில். அந்தப் பயணத்தில் சைக்கிள் ஓட்டுவது என்பது பெரும்பாலும் பிரேக் பிடிப்பது. 60 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல் தூரம், 4,650 மீட்டரிலிருந்து 1,200 மீட்டருக்கு இறக்கம். ஆளும் வண்டியும் சேர்ந்து 90 கிலோ என்று வைத்து மகள் கணக்குப் போட்டாள். அவ்வளவு உயரம் இறங்குவதில் வெளிப்படும் ஆற்றல் முழுக்க வெப்பமானால் ஒன்பது லிட்டர் பச்சைத்தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரும். அதில் ஒரு பங்கு காற்றுத் தடையிலும் சாலை உராய்விலும் போய்விடும். மீதியைச் சக்கரங்களில் இருக்கும், ஏறக்குறைய இரண்டு உள்ளங்கை அகலமுள்ள டிஸ்க் என்ற இரண்டு இரும்புத் தட்டுகள்தான் தாங்க வேண்டும். ஒரு நிறுத்தத்தில் அருவித் தண்ணீர் நனைத்த என் கையுறையிலிருந்து ஒரு சொட்டு டிஸ்க் மேல் விழுந்ததும் சுர்ரென்று ஆவியாகிப் போயிற்று.

முதலில் நாங்கள் விசாரிக்கப் போன இடத்தில் கொடுத்த வண்டியின் பிரேக் பேடைக் கைபேசி வெளிச்சத்தில் பார்த்தேன். பேடைப் பிடித்திருக்கும் காலிப்பரின் மேலே ஒரு சின்னத் திறப்பு இருக்கும், அதன் வழியாக டார்ச் அடித்தால் பேடின் கனம் தெரியும். உராய்கிற பொருள் தேய்ந்து அடித்தகடு தொடுகிற நிலைக்கு வந்திருந்தது. கடைப் பையனிடம் காட்டினேன், அவன் தோளைக் குலுக்கினான். வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொஞ்சம் கூடுதல் பணம் கொடுத்து வேறு இடத்துக்குப் போனோம். அங்கே வழிகாட்டியே நான் கேட்பதற்கு முன் சக்கரத்தைக் கழற்றிக் காட்டினார். போகிறவர்கள் இதை மட்டும் செய்யுங்கள். பேடின் கனம் ஒரு மில்லிமீட்டருக்குக் கீழே இருந்தால் அந்த வண்டி வேண்டாம். லிவரை அழுத்தினால் பாதி வழியிலேயே கல் போல நிற்க வேண்டும். ஹேண்டில்பார் வரைக்கும் வந்து ஒட்டினாலோ, பஞ்சு போல அமுங்கினாலோ உள்ளே காற்று புகுந்திருக்கிறது என்று அர்த்தம், அதுவும் வேண்டாம்.

இன்னொன்று, நம் ஊர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டியது. நம் சைக்கிள்களில் வலது கை லிவர் முன்சக்கரத்துக்கு, இடது கை பின்சக்கரத்துக்கு. அங்கே எனக்குக் கொடுத்த வண்டியில் நேர் எதிர், இடது கைதான் முன் பிரேக். சரளைக்கல்லில் பயந்துபோய்ப் பழக்க தோஷத்தில் இடது லிவரை இறுக்கினால் முன்சக்கரம் கவ்விக்கொள்ளும், ஆள் ஹேண்டில்பாருக்கு மேல் பறப்பான். வண்டி கைக்கு வந்ததும் சமதளத்தில் தள்ளிக்கொண்டே ஒவ்வொரு லிவராக அழுத்தி எது எந்தச் சக்கரம் என்று பார்க்க வேண்டும். அப்புறம் கணவாயிலேயே பத்து நிமிடம் மெதுவாகச் சுற்றிச் சுற்றி ஓட்டிக் கையைப் பழக்க வேண்டும். முதல் 20 கிலோமீட்டர் வாக்கில் தார்ச் சாலைதான், வேகம் தானாக ஏறிவிடும். அங்கேயே கை பழகிவிட்டால் சரளையில் தடுமாற்றம் இருக்காது.

பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே இறங்குவதும் தவறு. டிஸ்க் சூடேறி, பேட் பளபளத்துப் போய், கடைசியில் பிடிப்பே இல்லாமல் போகும். வளைவுக்கு முன்னால் நன்றாக அழுத்தி வேகத்தைக் குறைத்து, வளைவில் விட வேண்டும். இருக்கையைத் தாழ்த்தி, உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, பெடல் இரண்டையும் ஒரே மட்டத்தில் வைத்து நின்றுகொள்வது நல்லது. பார்வை போக வேண்டிய வழியில் இருக்கட்டும். விளிம்பையே பார்த்தால் வண்டியும் விளிம்புக்குத்தான் போகும்.

கிளம்பும் முன் வழிகாட்டி ஒரு சின்னப் பாட்டிலைத் திறந்து முன்சக்கரத்திலும் மண்ணிலும் சில சொட்டுச் சாராயம் விட்டார். பச்சமாமா என்று அவர்கள் வணங்கும் பூமித்தாய்க்கு. நாம் ஆயுத பூஜைக்கு டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைப்பதைப் போலத்தான். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. அதன் பிறகு கையெல்லாம் விறைக்கும் குளிரில் ஆரம்பித்து, மேகத்துக்குள் புகுந்து, சாலை மேலேயே கொட்டும் அருவிக்கு அடியில் நனைந்து, கடைசியில் வாழைத்தோப்பும் வண்டுச் சத்தமுமாக வியர்த்துக் கொட்டும் யோலோசாவில் வந்து நின்றோம். ஒரே நாளில் இத்தனை பருவத்தையும் உடம்பில் உணர்ந்தது அது ஒரு முறைதான். போக வேண்டாம் என்று நான் யாருக்கும் சொல்லவில்லை. கட்டாயம் போய்ப் பார்க்க வேண்டிய இடம்.

சாயங்காலம் மற்றவர்கள் வேனில் லா பாஸ் திரும்பினார்கள். 1,200 மீட்டரிலிருந்து மறுபடி 3,600-க்கும் மேல், அதுவும் களைத்துப் போன உடம்போடு. நாங்கள் கொரோய்க்கோவிலேயே தங்கிவிட்டோம். சுமார் 1,700 மீட்டர், காபி மணக்கும் ஊர், நிம்மதியான தூக்கம். பக்கத்தில் தோக்கான்யா என்ற கிராமத்தில், அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழித்தோன்றல்கள் வாழ்கிறார்கள். மறுநாள் அங்கே போய்வந்தோம். அதைப் பற்றி உங்கள் கட்டுரையாளரே தனியாக எழுதலாம்.

உங்கள் பெட்டிச் செய்தியில் விட்டுப்போன இன்னொன்று மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி. யுங்காஸ் போன்ற தாழ்வான காட்டுப் பகுதிகளில் அந்த நோய் உண்டு. மஞ்சள் காய்ச்சல் நாடுகள் என்று இந்திய அரசு வைத்திருக்கும் பட்டியலில் பொலிவியாவும் இருக்கிறது. தடுப்பூசிச் சான்றிதழ் இல்லாமல் அங்கிருந்து திரும்பினால் இங்கே விமான நிலையத்திலிருந்தே தனிமை முகாமுக்கு அழைத்துப்போய் ஆறு நாள் வரை வைத்துவிடுவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் ஆன பிறகுதான் சான்றிதழ் செல்லும், ஒரு முறை போட்டால் ஆயுள் முழுக்கப் போதும். எல்லா மருத்துவமனையிலும் கிடைக்காது, அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள். பயணக் காப்பீடு எடுப்பவர்கள், எத்தனை மீட்டர் உயரம் வரைக்கும் செல்லும், மலைச் சைக்கிள் அதில் அடங்குமா என்று படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடட்டும்.

பொலிவியாவுக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், இதற்கு இவ்வளவு பெரிய கடிதமா என்று நீங்கள் நினைக்கலாம். ஆனால் உங்கள் பத்திரிகையில் ஆன்மிகச் சுற்றுலா விளம்பரங்களும் கட்டுரைகளும் வாரந்தோறும் வருகின்றன. 108 திவ்ய தேசங்களில் ஒன்றான முக்திநாத், 3,700 மீட்டருக்கு மேல். போக்ராவிலிருந்து சின்ன விமானத்தில் ஜோம்சோம் போய், அங்கிருந்து ஜீப்பில் அன்றைக்கே மேலே ஏறிவிடுகிறார்கள், பலரும் அறுபது எழுபது வயதுக்காரர்கள். கேதார்நாத் 3,583 மீட்டர், ஹெலிகாப்டரில் சில நிமிடங்களில் கொண்டுபோய் இறக்குகிறார்கள். அமர்நாத் 3,888. கயிலாய வலத்தில் வரும் டோல்மா லா கணவாய் 5,600-க்கும் மேல். லடாக்கின் லே 3,500, பெங்களூருவிலிருந்து காலையில் கிளம்பினால் அன்றைக்கே போய்ச் சேரலாம். எங்கள் தெருவிலிருந்தே முக்திநாத்துக்குப் போகப் பெரியவர்கள் சிலர் இப்போது பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்கள் கையில் இருக்கும் துண்டுப் பிரசுரத்தில் சாப்பாடு, தங்குமிடம், பூஜை நேரம் எல்லாம் இருக்கிறது, உயரம் இல்லை. எங்கே ஒரு நாள் தங்கி ஓய்வெடுக்க வேண்டும் என்பதும் இல்லை.

ஆகவே ஆசிரியர் அவர்களுக்கு என் வேண்டுகோள். 2,500 மீட்டருக்கு மேல் இருக்கும் எந்த ஊரைப் பற்றிக் கட்டுரை போட்டாலும், கட்டணத்தைப் போடும் அதே பெட்டியில் அந்த ஊரின் உயரம், போகும் வழியில் தங்க வேண்டிய இடம், எந்த அறிகுறி வந்தால் உடனே கீழே இறங்க வேண்டும் என்பது, இந்த மூன்றையும் சேர்த்துப் போடுங்கள். நான்கு வரிக்கு மேல் ஆகாது. பயண விளம்பரம் கொடுப்பவர்களிடமும் உயரத்தைக் குறிப்பிடச் சொல்லிக் கேளுங்கள். முக்திநாத் கோஷ்டி அடுத்த மாதம் கிளம்புகிறது. அதற்குள் முடிந்தால் அந்த நான்கு வரியை முதலில் முக்திநாத்துக்குப் போட்டுவிடுங்கள், பேப்பரைக் கத்தரித்து நானே வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்,
சைக்கிள் கடைக்காரர், அல்சூர், பெங்களூரு